அப்பாவின் பம்பிங் 35தான் என்கிறார்கள், மறுபடி ஏறுமா?

வாசகர் கேள்வி:

டாக்டரம்மாவுக்கு வணக்கம். எங்களுக்குத் தேனி மாவட்டம் கூடலூர். அப்பாவுக்கு 52 வயது. வண்டன்மேடு பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் கங்காணி. வாரத்தில் ஆறு நாள் மலையிலேயே தங்கல். எட்டு வருடமாக சுகர், பீடியும் உண்டு. மூன்று வாரத்துக்கு முன் ஒரு நாள் காலை ஆறரை மணிக்கு நெஞ்சை அழுத்துகிறது, வேர்த்துக் கொட்டுகிறது என்று எனக்குப் போன் செய்தார். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறேன். ராத்திரி பரோட்டா சாப்பிட்டதாகச் சொன்னதால், வாயுவாக இருக்கும், சோடா குடித்துவிட்டுப் படுங்கள் என்றேன். வலி நிற்கவில்லை. ஒன்பதரைக்குத்தான் ஜீப் கிடைத்தது. கம்பம்மெட்டு வழியாக இறங்கி கம்பம் அரசு மருத்துவமனைக்கு வரும்போது பத்தே முக்கால். ஈசிஜி பார்த்து மாரடைப்பு என்று சொல்லி, பதினோரு மணிக்கு டிரிப்பில் மருந்து ஏற்றினார்கள். மறுநாள் மதுரையில் ஆஞ்சியோ செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். எக்கோவில் பம்பிங் 35 சதவீதம். மீதி 65 சதவீதம் செத்துவிட்டதா? கம்பத்தில் நேரத்தை வீணாக்காமல் நேராக மதுரைக்கோ கோட்டயத்துக்கோ போயிருக்க வேண்டும் என்று சித்தப்பா திட்டுகிறார். வேறொரு இடத்தில் காட்டியபோது, நெஞ்சில் உடனே ஒரு கருவி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தூக்கத்திலேயே இதயம் நின்றுவிடலாம் என்று பல லட்சம் செலவு சொன்னார்கள். அப்பா பேசுவதே குறைந்துவிட்டது. சீக்கிரம் போயிருந்தால் இந்த நிலை வந்திருக்காதா? இனி இதயம் தேறுமா? மறுபடி மலைக்கு வேலைக்குப் போகலாமா? எல்லா ரிப்போர்ட் நகல்களையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

தம்பி, நீங்கள் அனுப்பிய தாள்களை எல்லாம் படித்தேன். கருவியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்காக நீங்கள் கடன் வாங்கி, நகையை அடகு வைத்துவிடக் கூடாது என்ற கவலை எனக்கு இருக்கிறது. இப்போது அது வேண்டாம். மாரடைப்பு வந்து குறைந்தது 40 நாள் ஆக வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு 3 மாதம் ஆக வேண்டும். அதுவரை மருந்துகளை ஒழுங்காகச் சாப்பிட்டு, அப்புறம் எடுக்கிற எக்கோவிலும் பம்பிங் 35க்கு மேல் ஏறாமல் இருந்தால்தான் ஐசிடி என்ற அந்தக் கருவியைப் பற்றிப் பேச வேண்டும். இதய மருத்துவர்கள் எல்லா நாட்டிலும் பின்பற்றும் வழிமுறை இதுதான்.

ஐசிடி இதயத்தின் பலத்தைக் கூட்டாது. துடிப்பு ஆபத்தான விதத்தில் தாறுமாறாக ஓடினால் உள்ளிருந்தபடியே மின் அதிர்ச்சி கொடுத்து நேராக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. பம்பிங் குறைந்தவர்களுக்கு அந்த ஆபத்து இருக்கிறது என்பது உண்மை, அவர்கள் பயமுறுத்தியது முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2004-இல் வெளியான டினாமிட் என்ற ஆய்வில், மாரடைப்பு வந்த 6 முதல் 40 நாளுக்குள் இந்தக் கருவியை வைத்தவர்களையும் வைக்காதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். துடிப்புக் கோளாறால் இறப்பவர்கள் குறைந்தார்கள், ஆனால் மொத்தத்தில் இறந்தவர்களின் அளவில் வித்தியாசம் வரவில்லை. முதல் 48 மணி நேரம் தாண்டிய பிறகும் ஆபத்தான துடிப்பு வந்து ஷாக் கொடுக்க வேண்டி வந்தவர்கள் என்றால் பேச்சு வேறு, அவர்களுக்கு முன்கூட்டியே வைப்பதுண்டு. அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் அப்படி எதுவும் இல்லை.

இனி அந்த 35. இதயத்தில் 65 சதவீதம் செத்துவிட்டது என்று அதற்கு அர்த்தமே கிடையாது. இடது கீழறை நிரம்பி நிற்கும்போது சுமார் 120 மில்லி ரத்தம் இருக்கும். ஒரு துடிப்பில் அதில் 70 மில்லி வெளியே போனால் பம்பிங் 58 சதவீதம். நல்ல இதயமும் உள்ளே இருப்பதில் ஒரு பங்கை வைத்துக்கொண்டுதான் மீதியைத் தள்ளும். உங்களுக்கும் எனக்கும்கூட நூறு வராது. 55க்கு மேல் இருந்தாலே நிம்மதியாக இருக்கலாம். ஆக, 55, 60 இருந்திருக்க வேண்டிய இடத்தில் அப்பாவுக்கு 35 வந்திருக்கிறது. குறைவுதான், கணிசமான குறைவுதான். ஆனால் நீங்கள் மனதில் வைத்திருக்கும் கணக்கு அது இல்லை.

அந்த எக்கோவின் தேதியைப் பாருங்கள். மாரடைப்பு வந்த இரண்டாம் நாள் எடுத்தது. எனக்கு முக்கியமாகப் படுவது இந்தத் தேதிதான்.

மழை தவறிய வருடத்தில் ஏலத்தோட்டம் எப்படி நிற்கும் என்று உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கருகிப்போன செடியும் இருக்கும், வாடித் துவண்ட செடியும் இருக்கும். தண்ணீர் விட்ட மறுநாள் போய்ப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. எது துளிர்க்கும், எது போனது போனதுதான் என்று சொல்லச் சில வாரம் ஆகும். இதயத் தசையும் இப்படித்தான். ரத்தம் நின்றிருந்த பகுதியில் ஒரு பங்கு இறந்திருக்கும். சுற்றியுள்ள இன்னொரு பங்கு உயிரோடு இருக்கும், ஆனால் சுருங்காது. ரத்தம் திரும்பிய பிறகும் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் அது அசையாமல் கிடக்கும். யூஜின் பிரவுன்வால்ட், ராபர்ட் குளோனர் என்ற அமெரிக்க மருத்துவர்கள் 1982-இல் இதை விரிவாக எழுதினார்கள். அடி வாங்கி மயங்கிக் கிடக்கும் தசை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் எக்கோ இறந்த தசையையும் மயங்கிய தசையையும் சேர்த்தேதான் கணக்கில் எடுக்கும், பிரித்துக் காட்டாது. உங்கள் ரிப்போர்ட்டில் முன்சுவர் 'ஹைப்போகைனீசியா' என்று எழுதியிருக்கிறார்கள். அசைவு குறைந்திருக்கிறது என்று பொருள். அசைவே இல்லை என்று எழுதியிருப்பது நுனிப் பகுதிக்கு மட்டும்தான். இதை நல்ல அறிகுறியாகவே பார்க்கிறேன்.

எத்தனை பேருக்குத் தேறும்? மாரடைப்பு வந்த உடன் எடுத்த எக்கோவில் பம்பிங் 35 அல்லது அதற்குக் கீழே இருந்தவர்களை 90 நாள் கழித்து மறுபடி பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2016-இல் வெளிவந்தது. சுமார் நாலில் ஒருவருக்கு 50ஐத் தொட்டிருந்தது, அல்லது தாண்டியிருந்தது. இன்னும் 31 சதவீதம் பேர் 36க்கும் 49க்கும் நடுவே வந்திருந்தார்கள். மீதி 43 சதவீதம் பேருக்கு 35க்கு மேல் ஏறவில்லை. உங்கள் அப்பா எந்தக் கூட்டத்தில் சேருவார் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறார்கள். இரண்டாம் நாள் கணக்கை வைத்துக்கொண்டு அன்றே கருவி வைத்தால், அவர்கள் எல்லோரும் தேவையில்லாத ஒன்றை வாழ்நாள் முழுக்க நெஞ்சில் சுமப்பார்கள்.

இப்போது நீங்கள் உண்மையில் கேட்க நினைத்த கேள்விக்கு வருகிறேன். சீக்கிரம் போயிருந்தால்?

ஆமாம் தம்பி, சீக்கிரம் போயிருந்தால் இன்னும் கொஞ்சம் தசை பிழைத்திருக்கும். இதில் உங்களைச் சமாதானப்படுத்துவதற்காக வேறு மாதிரிச் சொல்ல எனக்கு மனமில்லை. ரத்தக்குழாய் முழுதாக அடைத்துக்கொண்டால் சுவரின் உட்பக்க அடுக்குதான் முதலில் சாகத் தொடங்கும். நேரம் போகப்போக அது வெளிப்பக்கம் நோக்கிப் பரவும். 1970-களில் ரைமர், ஜென்னிங்ஸ் என்ற ஆராய்ச்சியாளர்கள் நாய்களின் இதயத்தில் இதை அளந்தார்கள். 40 நிமிடம் அடைத்து வைத்துத் திறந்தால் ஆபத்தில் இருந்த தசையில் சுமார் 38 சதவீதம் போயிருந்தது. 3 மணி நேரத்தில் 57, 6 மணி நேரத்தில் 71. மனிதர்களுக்கு இதே எண்களைப் பொருத்த முடியாது, ஆனால் போக்கு இதேதான். இதில் கவனிக்க ஒன்று இருக்கிறது. ஆறு மணி நேரம் ஆன பிறகும் காப்பாற்ற மீதி இருக்கிறது.

குழாயை அடைக்கும் ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்துகளை வைத்து நடந்த ஆய்வுகளை 1996-இல் ஒன்றாகத் தொகுத்தார்கள். வலி தொடங்கிய முதல் மணி நேரத்தில் மருந்து ஏறினால் ஆயிரம் பேரில் கூடுதலாக 65 பேர் பிழைத்தார்கள். இரண்டாவது மணி நேரத்தில் அது 37 ஆனது. மூன்றாவதில் 26. மூன்றிலிருந்து ஆறு மணி நேரம் வரை 29. பெரிய சரிவு முதல் இரண்டு மணி நேரத்தில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு பலன் குறைந்த அளவில் ஓரளவு ஒரே மாதிரி நீடிக்கிறது. அப்பாவுக்கு நாலரை மணி நேரத்தில் மருந்து ஏறியது. முதல் மணி நேரத்தில் கிடைத்திருக்கக்கூடிய பலன் கை நழுவியது. ஆனாலும் பலன் தரும் நேரத்துக்குள்தான் ஏறியிருக்கிறது.

சோடா குடிக்கச் சொன்னதைப் பற்றி. காலை ஆறரைக்கு அந்த மலையில் வண்டி இல்லை, பக்கத்தில் ஈசிஜி இல்லை, அப்பாவுக்கே அது இதயம் என்று தோன்றவில்லை. அத்தனையும் சேர்ந்துதான் அந்த நேரம் போனது. நீங்கள் 'உடனே கிளம்புங்கள்' என்று சொல்லியிருந்தால் ஒரு வேளை வேறு வண்டி தேடியிருப்பார்கள், இரண்டு மணி நேரம் மிச்சமாகியிருக்கும். அது நடக்கவில்லை. மேல்வயிற்று வலியையும் நெஞ்சு அழுத்தத்தையும் போனில் கேட்டுப் பிரிக்க என்னாலும் முடியாது. சுகர் உள்ளவர்களுக்கு வலி மந்தமாகவே தெரிவதும் உண்டு. அதனால் இனி உங்கள் வீட்டில் ஒரே ஏற்பாடு: நாற்பது வயதைத் தாண்டியவருக்கு நெஞ்சில் அழுத்தமும் வேர்வையும் சேர்ந்து வந்தால், வாயுவா இல்லையா என்பதை ஈசிஜி சொல்லட்டும்.

நேரம் ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிப்பதும் இல்லை. ஒரே அளவு தாமதமான இருவரில் ஒருவருக்குப் பம்பிங் 50 இருக்கும், இன்னொருவருக்கு 30 இருக்கும். அடைப்பு குழாயின் தொடக்கத்திலா, கீழேயா என்பதைப் பொறுத்தது அது. பக்கத்துக் குழாய்களிலிருந்து சிறு கிளைகள் வழியாகக் கொஞ்சம் ரத்தம் கசிந்து வந்ததா என்பதும் உண்டு. கட்டி முழுதாக அடைத்தே கிடந்ததா, நடுநடுவே திறந்து மூடியதா என்பதும் உண்டு. அப்பாவுக்கு அடைத்தது இதயத்தின் முன்சுவருக்குப் போகும் பெரிய குழாய். அங்கே அடைத்தால் சேதம் எப்போதும் கூடத்தான் இருக்கும்.

சித்தப்பாவின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. கம்பம் மருத்துவமனையில் செய்தது மிகச் சரி. நேராக ஆஞ்சியோ செய்து குழாயைத் திறப்பது ஊசி மருந்தைவிட மேல் என்பது உண்மைதான். ஆனால் ஈசிஜியில் மாரடைப்பு உறுதியான 120 நிமிடத்துக்குள் அதைச் செய்ய முடிந்தால்தான் அந்த மேன்மை நிற்கும். அந்த நேரத்துக்குள் முடியாது என்றால் ஊசி மருந்தை அங்கேயே உடனே போட்டுவிட்டு, பிறகு அனுப்ப வேண்டும். கம்பத்திலிருந்து மதுரை ஆஞ்சியோ அறைக்குள் போய்ப் படுப்பதற்குள் மூன்று மணி நேரம் ஓடிவிடும். கோட்டயம் மலைப்பாதையில் இன்னும் மெதுவு. நேராக மதுரைக்குப் போயிருந்தால் குழாய் திறக்கப் பிற்பகல் இரண்டு மணி ஆகியிருக்கும். கம்பத்தில் ஈசிஜி எடுத்த கால் மணி நேரத்தில் மருந்து ஏறியிருக்கிறது. அந்த டாக்டருக்கும் நர்ஸுக்கும் நீங்கள் ஒரு நாள் நேரில் போய் நன்றி சொல்லலாம்.

அவர்கள் ஏற்றியது ஸ்ட்ரெப்டோகைனேஸ், 15 லட்சம் யூனிட். பழைய மருந்துதான். டெனெக்டெப்ளேஸ் என்ற புதியது ஒரே ஊசியாகப் போய்விடும், குழாயை இன்னும் நன்றாகத் திறக்கும். ஆனால் பழசு என்று ஒதுக்கக்கூடிய மருந்து இல்லை இது. 1988-இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். ஸ்ட்ரெப்டோகைனேஸ், ஆஸ்பிரின் இரண்டுமே பெறாதவர்களில் ஐந்து வாரத்துக்குள் 13.2 சதவீதம் பேர் இதய, ரத்தக்குழாய் நோயால் இறந்தார்கள். ஸ்ட்ரெப்டோகைனேஸும் ஆஸ்பிரினும் சேர்த்துப் பெற்றவர்களில் அது 8 சதவீதம். மருந்து ஏறிய 90 நிமிடத்தில் மறுபடி ஈசிஜி எடுத்திருக்கிறார்கள். மேலே தூக்கியிருந்த கோடு பாதிக்கு மேல் இறங்கியிருக்கிறது, வலியும் குறைந்திருக்கிறது. குழாய் திறந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். இறங்காமல் இருந்திருந்தால் உடனே மதுரைக்கு ஓட்டியிருப்பார்கள். திறந்ததால் மறுநாள், 24 மணி நேரத்துக்குள், ஆஞ்சியோ செய்து மீதி இருந்த சுருக்கத்துக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். சின்ன மருத்துவமனையில் மருந்து, பெரிய மருத்துவமனையில் ஆஞ்சியோ என்று இரண்டையும் கோக்கும் இந்த முறையைத் தமிழ்நாட்டில் 2,420 பேரிடம் முன்னும் பின்னும் பார்த்து 2017-இல் வெளியிட்டார்கள். ஒரு வருடத்துக்குள் இறப்பவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்திருந்தார்கள்.

ஒன்றை மறக்காமல் செய்யுங்கள். ஸ்ட்ரெப்டோகைனேஸ் போட்டதாக எழுதிய அந்தத் தாளை லேமினேட் செய்து அப்பாவின் பர்ஸில் வையுங்கள். ஒரு முறை போட்டவர் உடலில் அதற்கு எதிர்ப்பு உண்டாகிவிடும். இன்னொரு மாரடைப்பு வந்தால் அதே மருந்து வேலை செய்யாமல் போகலாம், ஒவ்வாமையும் வரலாம். அப்போது வேறு மருந்துதான் கொடுக்க வேண்டும். மயக்கத்தில் இருப்பவர் இதைச் சொல்ல முடியாது.

எல்லையோரத்து ஆட்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒரு பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலையில் உடம்பு சரியில்லை என்றால் நம் ஊருக்கு இறங்கிவிட வேண்டும் என்று கிளம்பிவிடுகிறார்கள். காப்பீட்டு அட்டை தமிழ்நாட்டு அட்டை, சொந்தக்காரர்கள் கீழே, டாக்டரிடம் தமிழில் பேசலாம். எல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் வண்டன்மேட்டில் இருப்பவருக்குக் கட்டப்பனை அதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. ஈசிஜியும் முதல் மருந்தும் எங்கே முதலில் கிடைக்குமோ அங்கே போக வேண்டும், அது எந்த மாநிலமாக இருந்தாலும். 108 கேரளத்திலும் அதே எண்தான். அவசரத்துக்கு வருபவரை அரசு மருத்துவமனை திருப்பி அனுப்புவது உயிர் வாழும் உரிமையை மீறுவது என்று 1996-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கும் ரயிலிலிருந்து விழுந்து அடிபட்டு, மருத்துவமனை மருத்துவமனையாக அலைய நேர்ந்த ஒரு விவசாயத் தொழிலாளி தொடர்பானதுதான். அட்டை விவகாரத்தை ஸ்டென்ட் நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டுப் பக்கம் 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள். ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8, மொத்தம் 14. அவை கட்டியைக் கரைக்காது, வளராமல் பிடித்து வைக்கும். தோட்ட முதலாளியிடம் அப்பா மூலமாக ஒன்று கேட்டுப் பாருங்கள். காய் எடுப்புக் காலத்தில் எத்தனையோ பேர் வேலை செய்யும் இடம் அது. ஆளை ஏற்றி வரும் ஜீப்பில் ஒன்றாவது பகலில் மேலேயே நிற்க வேண்டும், ஓட்டுநர் நம்பர் எல்லோரிடமும் இருக்க வேண்டும். ஆஸ்பிரின் அட்டை ஒன்றும் இருக்கட்டும். நெஞ்சு வலி வந்தவருக்கு ஆஸ்பிரின் ஒவ்வாமையோ ரத்தக் கசிவோ இல்லை என்றால் 300 மில்லிகிராமை மென்று விழுங்கச் சொல்லலாம். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை மட்டும் யாரோ வைத்திருந்தார்கள் என்று கொடுத்துவிட வேண்டாம். சில வகை மாரடைப்பில் அது பிரஷரைத் தடாலென்று இறக்கிவிடும்.

சரி, இனி செய்ய வேண்டியது. காலை ஆறரையிலிருந்து பதினோரு மணிவரை போன நேரத்தை யாரும் திருப்ப முடியாது. ஆனால் அடுத்த மூன்று மாதம் உங்கள் கையில் இருக்கிறது. பம்பிங் ஏறுமா, அப்படியே நிற்குமா, இன்னும் இறங்குமா என்பதில் இந்த மாதங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. இறந்த தசை தழும்பாக மாறும்போது இதய அறை மெல்ல விரிந்து உருண்டையாக மாறப் பார்க்கும். அதைத் தடுப்பதுதான் ராமிப்ரில் போன்ற மருந்துகளின் வேலை. 1992-இல் பம்பிங் 40க்கு மேல் இல்லாத மாரடைப்பு நோயாளிகளுக்கு இதே வகையைச் சேர்ந்த கேப்டோப்ரிலைக் கொடுத்துப் பார்த்ததில் இறப்பு 19 சதவீதம் குறைந்தது. மெட்டோப்ரோலால் துடிப்பை நிதானப்படுத்திப் பாதுகாக்கும். அப்பாவுக்கு இரண்டும் சிறிய அளவில் தொடங்கியிருக்கிறார்கள். இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒரு முறை பிரஷரும் நாடியும் பார்த்து அளவைக் கூட்ட வேண்டும். பலர் முதல் சீட்டில் எழுதிய அதே சின்ன அளவை வருடக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள், எனக்கு வருத்தமான விஷயம் இது. அடுத்த முறை போகும்போது, சுகரும் பம்பிங் குறைவும் இருப்பதால் எப்லெரினோன் அல்லது ஸ்பைரனோலாக்டோன், டாபாக்லிஃப்ளோசின் ஆகியவை வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். அவற்றைத் தொடங்கினால் பொட்டாசியம், கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனைகளும் சேர்ந்து வரும்.

பிரஷர் 100/70 என்று பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்தாதீர்கள். தலைசுற்றல் இல்லை என்றால் அந்த அளவு அவருடைய இதயத்துக்கு நல்லது. ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெல்லையும், சிகிச்சை தரும் டாக்டர் நிறுத்தச் சொல்லாத வரை, ஒரு வருடத்துக்கு ஒரு நாள்கூட விடக் கூடாது. பல் பிடுங்கப் போனாலும் முதலில் கேட்க வேண்டும். விட்டால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே கட்டி அடைத்துக்கொள்ளும். இஞ்சி, பூண்டு, எலுமிச்சைச் சாறு, தேன் சேர்த்துக் காய்ச்சிக் குடித்தால் அடைப்பு கரையும் என்று உங்களுக்கும் யாராவது அனுப்பியிருப்பார்கள். சமையலில் இஞ்சி பூண்டு தாராளமாகச் சேர்க்கட்டும், மாத்திரைக்குப் பதிலாக அதைக் கொடுக்காதீர்கள். பீடி ஒன்றுகூட வேண்டாம். குறைத்துக்கொள்கிறேன் என்று பேரம் பேசுவார், ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நுனிப் பகுதி அசையாமல் இருப்பதால் அங்கே ரத்தம் தேங்கிக் கட்டி உருவாக வாய்ப்பு உண்டு. இந்த வாரமே ஓர் எக்கோ எடுத்து அதை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பம்பிங் எண்ணை இப்போது கேட்காதீர்கள். அதற்கு மூன்றாவது மாதம் எடுக்கலாம், முடிந்தால் அதே இடத்தில். ஆள் மாறினால் ஐந்து சதவீதம் வரை கணக்கு மாறும். தினமும் காலையில் எடை பார்த்துக் காலண்டரில் எழுதட்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலோ, கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தாலோ, மயக்கம் வந்தாலோ அன்றே போக வேண்டும்.

அப்பா பேசாமல் இருப்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மாரடைப்பு வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அது இருந்தால் மருந்தைச் சரியாகச் சாப்பிட மாட்டார்கள், நடக்க மாட்டார்கள், தேறுவதும் தள்ளிப்போகும். சுற்றி உட்கார்ந்து 35, 35 என்று பேசிக்கொண்டிருந்தால் எந்த மனிதரும் சுருங்கித்தான் போவார். அவர் முன்னால் அந்தப் பேச்சை நிறுத்துங்கள், அன்று காலை யார் செய்தது தப்பு என்ற விசாரணையையும். தெருவில் சமதளமாகப் பத்து நிமிட நடையைத் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டட்டும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், அதுதான் அளவு. இரண்டு வாரத்துக்குப் பிறகும் இப்படியே இருந்தால், தூக்கமும் சாப்பாடும் குறைந்தால், மனநல மருத்துவரைப் பார்ப்பதில் தயக்கம் வேண்டாம்.

மலைக்குப் போவதில் உயரம் ஒரு தடை இல்லை, வண்டன்மேடு அவ்வளவு உயரமும் இல்லை. சரிவில் ஏறி இறங்குவதும், மருந்தடிக்கும் டேங்கை முதுகில் தூக்குவதும், மூட்டை ஏற்றுவதும்தான் சிரமம். மூன்றாவது மாத எக்கோவும் ஒரு டிரெட்மில் பரிசோதனையும் முடிந்த பிறகு, கணக்கு எழுதுவது, எடை போடுவது, ஆளைப் பார்த்துக்கொள்வது போன்ற வேலையாக அனுப்பலாம் என்று நினைக்கிறேன். பம்பிங் 40ஐத் தாண்டி, நடையில் மூச்சு வாங்காமல் இருந்தால் எனக்குப் பெரிய ஆட்சேபம் இருக்காது. ராத்திரித் தங்கல் மட்டும் வேண்டாம், மாலை ஜீப்பில் வீட்டுக்கு வந்துவிடட்டும்.

கடைசியாக உங்களைப் பற்றி. 55 வயதுக்கு முன்பே அப்பாவுக்கு மாரடைப்பு வந்திருக்கிறது என்றால் பிள்ளைகளுக்கும் ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல். திருப்பூரிலேயே ஒரு நாள் காலையில் வெறும் வயிற்றில் சுகரும் கொலஸ்ட்ராலும் பாருங்கள், பிரஷரும் பாருங்கள். கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்களையும் பார்க்கச் சொல்லுங்கள். எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் 190க்கு மேல் வந்தால் அது பரம்பரையாக வருவதாக இருக்கலாம், அந்தத் தாளோடு ஒரு டாக்டரைப் பாருங்கள். மூன்றாவது மாத எக்கோ வந்ததும் எனக்கு நகல் அனுப்புங்கள், கருவியைப் பற்றி அப்போது பேசுவோம்.